கார் கண்ணாடிக்கு எந்த ஃபிலிம் ஒட்டினால் உள்ளே சூடு குறையும்?

கறுப்பாக இருந்தால்தான் குளிர்ச்சி என்று நினைக்காதீர்கள். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாதாரண சாய ஃபிலிம் வெளிச்சத்தை மட்டும் நன்றாகக் குறைக்கும், அகச்சிவப்பைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். நல்ல செராமிக் ஃபிலிம் (பீங்கான் வகை நுண்துகள்கள் கலந்தது) வெளிறிய நிறத்திலேயே அதைத் தடுக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

கடையில் ஹீட் லேம்ப் முன்னால் கையை நீட்டச் சொல்வார்கள். அந்த விளக்கு உமிழ்வது பெரும்பாலும் அகச்சிவப்பு என்பதால் செராமிக் அதில் அசத்தும். வெயிலில் அந்த அளவுக்கு இருக்காது. ‘ஐஆர்’ (அகச்சிவப்பு) தடுப்புச் சதவீதத்தை விட்டுவிட்டு ‘டிஎஸ்இஆர்’ எவ்வளவு என்று கேளுங்கள். மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கப்படுகிறது என்பதைச் சொல்வது அதுதான். முன்கண்ணாடிக்கு உலோகப் பூச்சு வேண்டாம், சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கைப் படிக்க முடியாமல் போகலாம்.

அப்புறம் சட்டம். முன், பின் கண்ணாடிகள் 70%, பக்கக் கண்ணாடிகள் 50% வெளிச்சத்தையாவது விட வேண்டும். கண்ணாடியையும் சேர்த்துத்தான் கணக்கு: 75% விடும் கண்ணாடியில் 70% விடும் ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது சுமார் 52%. 2012இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமே கூடாது என்றது. விதி மாறிய பிறகு, 2024இல் கேரள உயர் நீதிமன்றம் இந்த அளவுக்குள் ஒட்டலாம் என்றது. ஃபிலிமின் பில்லையும் சான்றிதழையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.