மைக்கல் வோல்சர்: கேட்டவையும் பதில்களும்

கொட்டாஞ்சேனை மாணவி: சேர், வோல்சர் எங்கே படித்தவர், என்ன செய்தவர்?

தங்கச்சி, அமெரிக்க அரசியல் தத்துவவாதி, 1935இல் நியூயோர்க்கில் பிறந்தவர். 1961இல் ஹாவார்டில் கலாநிதிப் பட்டம். பிறின்ஸ்டனிலும் ஹாவார்டிலும் படிப்பித்துவிட்டு 1980இல் பிறின்ஸ்டன் உயர்கல்வி ஆய்வு நிலையத்துக்குப் போனார். வியட்நாம் போரை எதிர்த்து இயங்கியவர். அந்த வாதங்களில் இருந்துதான் 1977இல் போரின் நியாயம் பற்றிய புத்தகம் வந்தது. நோட்ஸில் மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வெள்ளவத்தை தம்பி: அப்போ அவர் போரை ஆதரிக்கிறவரா?

1991 வளைகுடாப் போர் நியாயம் என்றார், 2003 ஈராக் படையெடுப்பை எதிர்த்தார். போருக்குப் போன காரணம் ஒன்று, போரிட்ட விதம் இன்னொன்று, இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும் என்கிறார். யூடியூப் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

தெஹிவளை வாசகர்: பொதுமக்களைக் கொல்வது நோக்கம் இல்லையென்றால் குற்றமில்லைத்தானே?

இந்தச் சாட்டைத்தான் அவர் ஏற்கவில்லை. அவர் காட்டும் உதாரணம் இது. முதலாம் உலகப் போரில் பிரான்சில் பிராங்க் ரிச்சர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் சிப்பாயும் கூட்டாளியும் ஜெர்மன்காரர் ஒளிந்திருக்கக்கூடிய நிலவறைகளுக்குள் குண்டு எறிந்துகொண்டு போகிறார்கள், ஆனால் எறிய முன்னம் பொதுமக்கள் இருக்கிறார்களா என்று கத்திப் பார்க்கிறார்கள். ஒரு இடத்தில் இரண்டு தரம் கத்தியும் சத்தமில்லை, எறியப்போகிற நேரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது, பிறகு அவள் படியேறி வெளியே வருகிறாள். கீழே ஜெர்மன்காரன் இருந்திருந்தால் கத்தியவர்கள் செத்திருக்கவும் கூடும். வோல்சர் கேட்பது அந்த ஆபத்தைத்தான்: கொல்லும் நோக்கம் இல்லை என்பது போதாது, அவர்களைக் காப்பாற்ற நீ எதைப் பணயம் வைத்தாய்?

பம்பலப்பிட்டி வாசகர்: சும்மா கதை. இப்படிப் பார்த்தால் ஒரு ராணுவமும் சண்டை பிடிக்க ஏலாது.

ஏலும். நடவடிக்கையே பாழாகும் அளவுக்கு ஆபத்தை ஏற்கச் சொல்லவில்லை, எல்லை அங்கேதான் என்கிறார். எல்லை மங்கல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மங்கல் என்பதற்காக எல்லையே இல்லை என்று நீங்கள் தாண்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதே வாசகர்: அப்ப எங்கட இலங்கைப் போருக்கு?

ரிச்சர்ட்ஸ் கத்தினாரே, நீங்கள் எதைப் பணயம் வைத்தீர்கள் என்ற கேள்வியை இரண்டு தரப்பிடமும் கேளுங்கள். ஒரு தரப்பிடம் மட்டும் கேட்கவென்றால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொருவர்: வோல்சர் போரை ஆதரிக்கிறவரா?

மேலே வாசியுங்கள்.

மருதானை மாணவர்: நாளைக்கு அசைன்மென்ட், ரெண்டு பக்கம் எழுதித் தருவீங்களா?

இல்லை.