ஏபிஎஸ் மாட்யூலை மாற்றச் சொல்கிறார்கள்: மாற்றலாமா?

கேள்வி: கார் ஓடும்போது திடீரென ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு), ஸ்டீயரிங், இன்ஜின் விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்துக்கு விழுகிறது. சற்று நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் யு0121 என்று காட்டுகிறது. ஏபிஎஸ் மாட்யூல் (அதன் கட்டுப்பாட்டுக் கணினி) போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

யு0121 என்பது ‘மாட்யூல் கெட்டது’ என்ற தீர்ப்பு அல்ல. ‘ஏபிஎஸ் மாட்யூலிடமிருந்து வரவேண்டிய தகவல் வரவில்லை’ என்று மற்ற மாட்யூல்கள் எழுதிவைத்த புகார். போனை எடுக்காதவருக்கு என்ன ஆனது என்பது அந்தப் புகாரில் இருக்காது. சக்கர வேகத்தை ஏபிஎஸ்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறது. அது பேச்சை நிறுத்தியதும் ஸ்பீடோமீட்டர், ஸ்டீயரிங், இன்ஜின் எல்லாம் சேர்ந்து அலறுகின்றன. தானாகவே சரியாகிறது என்கிறீர்களே, அதுவே வயர், கனெக்டர், எர்த் பக்கம் முதலில் பார்க்கச் சொல்லும் அடையாளம். விளக்குகள் எரியும் நேரத்தில் சாதாரண பிரேக் பொதுவாக வேலை செய்யும், ஏபிஎஸ் பாதுகாப்பு இருக்காது. அதை மனதில் வைத்து நிதானமாக ஓட்டுங்கள்.

ஸ்கேனர் காட்டும் இந்தக் கோடுகளை (பிழைக் குறியீடுகளை) அழிக்க யாரையும் விடாதீர்கள். எல்லா மாட்யூல்களையும் ஸ்கேன் செய்யச் சொல்லி, திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஏபிஎஸ் ஒன்றைப் பற்றியே புகார் சொன்னால், கோளாறு அதன் கரண்ட், எர்த் அல்லது அதற்குப் போகும் கிளை வயரில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் பற்றிப் புகார் சொன்னால் பொது லைனைப் பார்க்க வேண்டும். இந்தத் தடயத்தை ‘கிளியர் பண்ணிப் பார்ப்போம்’ என்று முதல் நிமிடத்திலேயே அழித்துவிடுகிறார்கள்.

அடுத்து பேட்டரி. வண்டி நின்று ஓய்ந்தபின் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. சோர்ந்த பேட்டரியே யு கோடுகளைக் கொட்டும்.

பிறகு ஏபிஎஸ் கனெக்டர். மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியதும் ‘கரண்ட் நன்றாக வருகிறது’ என்று நம்பிவிடுவது பெரிய பொறி. நூலிழை போல ஒரே ஒரு செப்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். அந்த வயரில் 21 வாட் பல்பை எரியவிட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் சரி. மங்கினால் உள்ளே அரிப்பு அல்லது அறுந்த இழைகள். மின்சாரம் ஓடும்போது எர்த் வயரின் இரு முனைகளுக்கு இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அதன் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். கனெக்டரைப் பிரித்ததும் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, ரப்பர் சீலுக்குள் ஈரம் இருக்கிறதா என்று கண்ணாலேயே பாருங்கள். பெண் பின்னுக்குள் (துளையுள்ள பின்) தடித்த மீட்டர் முனையை மட்டும் குத்தக்கூடாது. பின் விரிந்து, இல்லாத கோளாறு புதிதாகப் பிறக்கும்.

இனி கேன் லைன், அதாவது மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அந்த இரட்டை வயர்ப் பொது லைன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14-ஆம் பின்களுக்கு இடையே ஓம் அளவிடுங்கள். ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும்; இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து தருவது அது. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயர்களும் உரசிக்கொள்கின்றன. கோளாறு வந்து போகும் ரகம் என்பதால், மீட்டரை மாட்டியபடியே வயர் கட்டை அசைத்துப் பார்ப்பது முக்கியம். நன்றாக இருக்கும் நேரத்து 60 ஒன்றையும் நிரூபிக்காது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புதிய கார்களில் ஓபிடி சாக்கெட்டுக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் நடுவே கேட்வே என்று ஒரு மாட்யூல் காவலுக்கு நிற்கும். அப்போது சாக்கெட்டில் அளப்பது சாக்கெட்டிலிருந்து கேட்வே வரையுள்ள துண்டை மட்டுமே. அங்கே அழகான 60 வரலாம். கேட்வேக்கு அப்பால் ஏபிஎஸ் கிளை அறுந்து கிடக்கலாம். மாறாக, சாக்கெட்டில் 60 வராமலே வண்டி முழு ஆரோக்கியமாகவும் இருக்கலாம். அத்தகைய வண்டியில் ஏபிஎஸ் கனெக்டரிலேயே அளக்க வேண்டும். எந்தப் பின் என்று தெரிய அந்த மாடலின் வயரிங் படம் தேவை. அந்தப் படத்தைத்தான் பல தயாரிப்பாளர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க முடியாத மெக்கானிக் ஊகத்தில் பாகம் மாற்றுகிறார், ஊகத்துக்கான பணத்தைக் கொடுப்பவர் வண்டிக்காரர். எரிச்சலூட்டும் அநியாயம் இது.

ஓபிடியில் செருகிய டிராக்கர், பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோ, அலாரம் ஆகியவற்றைச் சில நாள் கழற்றி வைத்தும் பாருங்கள்.

பழைய மாட்யூலை ‘அப்படியே மாட்டலாம்’ என்று விற்கும் தரகர்களிடம் கவனம். ஏபிஎஸ் மாட்யூலைப் பெரும்பாலும் உங்கள் வண்டிக்குக் கோடிங் செய்தாக வேண்டும் (வண்டிக்கு ஏற்ப அதன் மென்பொருளை அமைப்பது). ஹைட்ராலிக் யூனிட்டோடு மாற்றினால் ஸ்கேனர் உதவியோடு பிரேக் லைனிலிருந்து காற்றும் எடுக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கோளாறு இருக்கும் அதே நேரத்தில், ஏபிஎஸ் கனெக்டரில் கரண்ட், எர்த், இரண்டு கேன் வயர்கள் என்ன அளவு காட்டின? இக்னிஷன் போட்ட நிலையில் கேன் ஹை வயர் சுமார் 2.6, லோ வயர் சுமார் 2.4 வோல்ட் காட்டி, கரண்டும் எர்த்தும் பல்புச் சுமையோடு சரியாக இருந்து, அப்போதும் மாட்யூல் பேசவில்லை என்றால் மாற்றுங்கள். கோடிங்கும் சேர்த்துத்தான் வேலை என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.