லைனுக்கு கீழ கைமுடி ஊருது, வேலிய தொட்டா சுருக்குங்குது: என்ன பண்றது?

தாராபுரம் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி கேட்டிருக்காரு: "தோட்டத்துக்கு மேல 400 கேவி லைன் போகுதுங்க. கீழ நின்னா கைமுடியெல்லாம் ஊர்ற மாதிரி இருக்கு, கம்பிவேலிய தொட்டா சுருக்குன்னு அடிக்குது, டெஸ்டர் வச்சா லேசா எரியுது. உடம்புக்கு ஏதாச்சும் ஆகுமா?"

அண்ணா, நீங்க உணர்றது பிரமை இல்லைங்க. லைன்ல ஓடுறது ஏசி, நொடிக்கு 50 தடவ பிளஸ் மைனஸ்னு மாறிட்டே இருக்கும், கூடவே உங்க தோல்லயும் முடியிலயும் சார்ஜ் ஏறி இறங்கும், ரெண்டுலயும் ஒரே வகை சார்ஜ்ங்கிறதால பிளஸ்னாலும் தள்ளும் மைனஸ்னாலும் தள்ளும், ஆக முடி நொடிக்கு 100 தடவ அதிருது. அந்த அதிர்வதான் முடி வேர்ல இருக்குற நரம்பு சொல்லுது. கைய மேல தூக்கினா இன்னும் நல்லா தெரியும்.

எல்லாரும் இத உணர மாட்டாங்க. லைன சுத்தி பரவி நிக்கிற மின்சார விசைய மின்புலம்னு சொல்வாங்க, அத மீட்டருக்கு இத்தன கிலோவோல்ட்னு அளப்பாங்க. ஆய்வுகள்ல ரொம்ப சென்சிடிவான 10 சதவீதம் பேருக்கு மீட்டருக்கு 2-லருந்து 5 கிலோவோல்ட்லயே தெரிஞ்சிருக்கு. 400 கேவி லைன்ல கம்பி தாழ்ந்து தொங்குற இடத்துக்கு நேர் கீழ 10 கிட்ட கூட வரலாம், பக்கவாட்டுல தள்ளி போனா மளமளன்னு குறைஞ்சிடும். பொதுமக்களுக்கு சர்வதேச வழிகாட்டுதல் 5தான், அதனால வந்து அளந்து காட்டுங்கன்னு லைன்காரங்கள தாராளமா கேளுங்க, அது உங்க உரிமைன்னே நான் சொல்வேன்.

உடம்புக்குள்ள போற கரண்ட் ரொம்ப கம்மி. மீட்டருக்கு 10 கிலோவோல்ட் மின்புலத்துல நின்னாலும் உடம்பு வழியா தரைக்கு இறங்குறது சுமார் 0.15 மில்லிஆம்ப், அது நமக்கு தெரியவே தெரியாது. வீட்டு சுவரும் மரமும் இந்த மின்புலத்த நல்லா தடுத்துடும். காந்தப்புலம் வேற விஷயம், அத சுவர் தடுக்காது. பேஸ்மேக்கர் வச்சவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு லைனுக்கு கீழ போங்க.

இப்ப வேலிக்கு வருவோம், எனக்கு உண்மையிலேயே கவலை இதுலதான். காஞ்ச கல்லுக்கால்ல கட்டின கம்பிக்கு தரையோட தொடர்பே இல்ல, அதனால சார்ஜ் தேங்கி நிக்குது, விரல் கிட்ட போனதும் சின்ன பொறியா பாயுது. ஆனா மோட்டார் ஒயர் எங்கயாச்சும் உரசி வேலிக்கு கரண்ட் வந்தாலும் டெஸ்டர் இப்படித்தான் எரியும், அது ஆளையே கொல்லும். கைய வச்சு பாக்காதீங்க. மோட்டார் மெயின ஆஃப் பண்ணிட்டு டெஸ்டர் வைங்க. அணைஞ்சுதுன்னா லீக்கேஜ், மெயின திரும்ப போடாம ஒயர்மேன கூப்பிடுங்க. அப்பவும் எரிஞ்சா பெரும்பாலும் லைனோட வேலதான், ஒயர்மேன வச்சு எல்லா இழையையும் சேத்து கட்டி ரெண்டு முனையிலயும் நடுவுல சில இடத்துலயும் ஜிஐ ராடு அடிச்சு எர்த் பண்ணிடுங்க, தகர கொட்டகைக்கும் அதே மாதிரி. டவர் காலோட மட்டும் இணைக்காதீங்க, இடி விழுந்தா அந்த வோல்டேஜ் வேலி முழுக்க வந்துடும். எர்த் பண்ணின பிறகும் டெஸ்டர் எரிஞ்சா எர்த் சரியா ஆகாம இருக்கலாம், இல்ல ஏதாச்சும் சர்வீஸ் ஒயர் தொடலாம், வேலிய தொடாம ஈபிக்கு சொல்லிடுங்க.

இன்னொன்னு, தேங்கா பறிக்கிற தொரட்டி, சொட்டுநீர் போடுற நீள பைப்பு, அலுமினிய ஏணி எதையும் லைனுக்கு கீழ நிமித்தி தூக்காதீங்க. இந்த வோல்டேஜ்ல கம்பிய தொடவே வேணாம், கிட்ட போனாலே பாஞ்சிடும். ரெண்டு பேரா புடிச்சு படுக்க வச்ச மாதிரியே கொண்டு போங்க, கூலிக்கு வர்றவங்ககிட்டயும் வேலைக்கு முன்னாடியே சொல்லிடுங்க.