ராஜபாளையத்தோடு 20 கிலோமீட்டர்: வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், என் ராஜபாளையம் நாய்க்கு 14 மாதம், 28 கிலோ. நான் ஞாயிறுதோறும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கி, தோட்டத்துப் பாதைகள் வழியாக ஏறித் திரும்பி 20 கிலோமீட்டர் ஓடுகிறேன். இவனையும் கூட்டிப் போகலாமா? கட்டிப்போட்டுவிட்டுப் போனால் ஊளையிடுகிறான்.
- வாசகர், கோத்தகிரி

பதில்: போகலாம், ஆனால் இப்போது வேண்டாம். பெரிய நாய்களுக்கு எலும்பின் வளரும் நுனிகள் இறுகி மூட ஒன்றரை வயது ஆகும். அதுவரை இரண்டு மூன்று கிலோமீட்டர், மண் பாதையில், மெதுவாக. அப்புறமும் வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்றுதான் ஏற்ற வேண்டும். ராஜபாளையம் வேட்டை நாய். முயலைக் கண்டால் ஒரே பாய்ச்சலில் பறந்து முடித்துவிடுகிற உடம்பு அது. மணிக்கணக்கில் சீராக ஓட அதைப் பழக்கித்தான் ஆக வேண்டும்.

எனக்குப் பயமெல்லாம் உங்கள் பாதையைப் பார்த்துத்தான். கோத்தகிரி 1,800 மீட்டர் உயரத்துக்குப் பக்கம். மேட்டுப்பாளையம் 300 சொச்சம். இறங்க இறங்கப் புழுக்கம் கூடும். நமக்கு வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் கொஞ்சம் ஈரம் வரும், அவ்வளவுதான். மீதிச் சூட்டை மூச்சிரைத்தே வெளியே தள்ள வேண்டும். காலைக் குளிரில் துள்ளிக் குதித்து இறங்கிவிட்டு, வெயில் வந்தபின் ஏற்றத்தில் படுத்துவிடும். 28 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவு ஏற முடியுமா? குஞ்சப்பனைப் பக்கம் யானை வேறு. ஒன்றரை வயதுக்குப் பிறகும் வீட்டைச் சுற்றியே நாலைந்து கிலோமீட்டர் வட்டம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் களைத்தால் வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஊளையும் நிற்கும், ஓடிக் களைத்த நாய்க்குத் தூக்கம்தான் வரும்.

போதும் என்று அவனாகச் சொல்ல மாட்டான். கயிற்றைக் கவனியுங்கள். முதலில் முன்பக்கம் இழுக்கும், பிறகு தளர்ந்து தொங்கும். பின்பக்கம் இழுபட ஆரம்பித்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது, நடந்து திரும்புங்கள். நாக்கு அகன்று நுனி சுருண்டு, எச்சில் கொழகொழவென்று நூலாக இறங்கி, ஈறு செக்கச்செவேலென்றாகி, நடையும் தள்ளாடினால் உடம்புச் சூடு தலைக்கேறிவிட்டது என்று பொருள். நாயின் இயல்பான சூடே 38, 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். கொஞ்சம் தணிந்த பிறகு வண்டி பிடித்து மருத்துவரிடம் போங்கள்.

கழுத்துப் பட்டையை நம்பாதீர்கள். ராஜபாளையத்துக்குத் தலை குறுகல். பின்வாங்கி ஓர் உதறு உதறினால் பட்டை உங்கள் கையோடு வந்துவிடும். மார்பைச் சுற்றி மாட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள், கயிற்றை எங்கேயும் அவிழ்க்காதீர்கள். காட்டெருமையைப் பார்த்து வீரமாகக் குரைக்கிற நாய், அது திரும்பியதும் எங்கே ஓடிவரும்? உங்கள் காலடிக்குத்தான், காட்டெருமையையும் கூட்டிக்கொண்டு! சிறுத்தைக்கோ நாய் என்றால் தனி ஆசை. இருட்டில் கிளம்பாமல், கொழுந்து பறிக்கத் தோட்டத்தில் ஆள் இறங்கிய பிறகு போங்கள்.

முந்தின இரவோடு சாப்பாடு முடியட்டும். ஆழமான மார்புக்கூடு உள்ள நாய் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளலாம். சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். திரும்பி வந்து இரைப்பு அடங்கி, ஒரு மணி நேரம் கழித்துச் சோறு வையுங்கள். ஓடும்போது இடையிடையே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

கேள்வி: என் லாப்ரடார் 40 கிலோ. பேரிஜம் ஏரிப் பாதையில் கூட்டிக்கொண்டு ஓட ஆசை.
- வாசகி, கொடைக்கானல்

பதில்: வேண்டாம் அம்மா. அது வனத்துறை அனுமதியோடு போகிற காடு. நம் வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோய் செந்நாய்க் கூட்டத்துக்குத் தொற்றினால் கூட்டமே அழியலாம். அதோடு, லாப்ரடாருக்கு 40 கிலோ அதிகம், ஆண் நாயாக இருந்தாலும்கூட. கொடை ஏரியைச் சுற்றினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்; சுற்றுலா வண்டிகள் கிளம்புமுன் நடையாகவே சுற்றுங்கள். எடை குறையட்டும், ஓட்டத்தைப் பிறகு பேசலாம்.

கேள்வி: மழையில் ஓடிவிட்டு வந்தால் நாயின் விரலிடுக்கில் ரத்தம். அட்டைக்கு உப்பு போடலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: உப்பு காயத்தில் எரியும். நகத்தால் அட்டையின் வாயை ஓரமாக நெம்பி எடுத்துவிடுங்கள். ரத்தம் சற்று நேரம் கசிந்து நின்றுவிடும். நான் அட்டையைவிட உண்ணிக்குத்தான் பயப்படுவேன். ஓடி வந்ததும் காது மடல், அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். நாய் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள்.