சென்னையில் பல் சிகிச்சையும் ஊர் சுற்றலும் ஒரே பயணத்தில் முடியுமா?

பத்து நாளில் பல் இம்ப்ளான்ட் (தாடையில் திருகு பதித்து அதன்மேல் மாட்டும் செயற்கைப் பல்) வைத்துக்கொண்டு மாமல்லபுரமும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கலாம். ஆனால் இம்ப்ளான்ட் பெரும்பாலும் ஒரே பயணத்தில் முடிகிற வேலை இல்லை. தாடையில் வைத்த திருகை எலும்பு இறுகப் பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். அப்புறம்தான் நிலையான பல் மாட்டுவார்கள். அதனால் இரண்டு பயணமாகவே திட்டமிடுங்கள்.

சிகிச்சையை முதல் இரண்டு நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீக்கமோ வலியோ வந்தால் மருத்துவர் பக்கத்திலேயே இருப்பார். அடுத்த இரண்டு மூன்று நாள் இட்லி, தயிர்சாதம், நல்ல ஓய்வு. உடம்பு தேறியதும் மயிலாப்பூர் கோயில், எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் செப்புத் திருமேனிகள் (இவற்றைத் தவறவிடாதீர்கள்). வெயிலில் நடக்க வேண்டிய மாமல்லபுரம் கடைசியில். வாயில் போட்ட தையலை மருத்துவரிடம் காட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.