தொட்டி எங்கே என்று கேளுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் மோட்டார், பற்றியவை. வெட்டிச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 1950களில் செய்த 14 அடி அலுமினியப் படகு வைத்திருக்கிறேன். மீன்பிடிக்க மட்டும்தான். அதே காலத்து மோட்டாராக வேண்டும், சத்தம் கூடாது. எதை வாங்கலாம்?

பதில்: 1950களின் நடுவில் வந்த 5.5 எச்.பி. ஜான்சன் அல்லது எவின்ரூட். இரண்டும் ஒரே கம்பெனியின் பிள்ளைகள், பெயிண்ட்தான் வேறு. எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இரண்டு சிலிண்டரும் மாறி மாறி வெடிப்பதால் குலுக்கல் குறைவு. அதற்கு முந்தைய மாடல்கள் பலவற்றில் சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் வெடிக்கும், கை அதிரும். 5.5-இல் எஞ்சினை ரப்பர் மேல் உட்காரவைத்து, முழுசாக மூடி போட்டு, புகையைத் தண்ணீருக்கு அடியில் விட்டார்கள். ஊர்ந்துகொண்டே தூண்டில் போடுவதுதான் வேலை என்றால் அதே வீட்டு 3 எச்.பி.யே போதும். அதில் கியர் கிடையாது. பின்னால் போக மோட்டாரையே அரைச் சுற்று திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பாதிச் சத்தம் மோட்டாருடையது அல்ல. ரிவெட் அடித்த அலுமினியப் படகு ஒரு தகரப் பறை. மோட்டாரைப் பிடிக்கும் திருகுக்கும் பின்பலகைக்கும் நடுவில் தடித்த ரப்பர் துண்டு வையுங்கள், தரையில் ஒரு பழைய கம்பளம் போடுங்கள். ஒரு மீன்பிடிக் காலத்தில் பாதி நாள் என் மோட்டாரைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால் முன் இருக்கைக்கு அடியில் ஒரு ரிவெட் கழன்று தகடு தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

கேள்வி: காற்றில் குளிரும் சிறிய பழைய மோட்டார் மலிவாக வருகிறது. எடையும் குறைவு. வாங்கலாமா?

பதில்: அமைதி வேண்டுமென்றால் வேண்டாம். நான் வாங்கினேன். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடினால் அது சத்தத்தையும் கொஞ்சம் விழுங்கும். இதில் அது இல்லை. என்னோடு படகில் வந்தவர் அன்று முழுக்க என்னிடம் கையால்தான் பேசினார்.

கேள்வி: 1956 மாடல் 10 எச்.பி. வாங்கினேன். பெட்ரோல் தொட்டி தரவில்லை. 'எந்தத் தொட்டியும் சேரும்' என்றார் விற்றவர். புதுத் தொட்டி வாங்கினேன், சேரவில்லை.

பதில்: உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. என் நெடுநாள் எரிச்சல் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தனித் தொட்டியோடு வந்த அந்தக் காலத்து ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில், 1960க்கு முன் வந்த பெரும்பாலானவற்றுக்கு, பெட்ரோல் பம்ப்பே கிடையாது. தொட்டிக்கு இரட்டைக் குழாய் போகும். ஒன்று எஞ்சினிலிருந்து காற்றழுத்தத்தைத் தொட்டிக்குள் தள்ளும். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் மற்றதன் வழியே மேலே வரும். இன்றைய ஒற்றைக் குழாய்த் தொட்டியைக் கொண்டுபோய் மாட்டினால் எப்படிச் சேரும்? இது தெரிந்தவர்கள்தான் தொட்டியைக் கழற்றித் தனியாக வேறொருவருக்கு விற்கிறார்கள். ஒரு மாட்டை இரண்டு சந்தையில் விற்பது மாதிரி. தெரியாதவர்களோ 'எந்தத் தொட்டியும்' என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள்.

பழைய தொட்டி தேடி அலையாதீர்கள். அதன் ரப்பர் வளையங்கள் காய்ந்திருந்தால் அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சும், அதுவும் உங்கள் காலடியில். எஞ்சினின் உள்ளழுத்தத் துடிப்பிலேயே வேலை செய்யும் சின்ன பம்ப் ஒன்றைப் பொருத்தி, ஒற்றைக் குழாய்த் தொட்டிக்கு மாறுவது பலர் செய்து பார்த்த வழி. புதுத் தொட்டி வீணாகாது. விளம்பரத்தில் 'முழுமையான மோட்டார்' என்று இருந்திருந்தால் அதைக் காட்டி எழுத்தில் பணம் கேளுங்கள்.

கேள்வி: விற்றவர் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். நன்றாக ஓடியது. ஏரியில் இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது. அவர் போனை எடுப்பதில்லை.

பதில்: எடுக்க மாட்டார். பெரும்பாலும் மின்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்தான். எஞ்சின் மேலே சுழலும் கனத்த சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலை, கழற்றிப் பாருங்கள், காயிலின் மேல் உறை பாளம் பாளமாக வெடித்திருக்கும். சூடேறினால் மின்பொறி செத்துவிடும். அந்தக் காலத்து காயில்களுக்கு இது வயோதிக நோய். இரண்டையும் மாற்றிவிடுங்கள், மோட்டார் பிழைக்கும். பின்பக்க ஓட்டைகளில் புகையோடு தண்ணீர்ச் சாரல் வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் விசிறி (இம்பெல்லர்) போய்விட்டது.

அடுத்த முறை, நீங்கள் போய்ச் சேர்ந்ததும் முதலில் எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். அப்புறம் கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பால் கலந்த காப்பி மாதிரி ஆயில் வந்தால் சீல் வழியே தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதைச் செய்யாமல் பளபளப்பான புதுப் பெயிண்டைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன். இன்றும் பளபளப்பாகத்தான் இருக்கிறது, கொட்டகையில்.

கேள்வி: பெட்ரோலில் கலக்கும் ஆயில் பாட்டிலில் 50-க்கு 1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்று போட்டிருக்கிறது. 1955 மாடலுக்கு அப்படியே கலந்து ஓட்டுகிறேன். சரிதானே?

பதில்: தவறு. அந்தக் காலத்து ஜான்சன், எவின்ரூட் என்றால் 24-க்கு 1. எத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று நீங்கள் எழுதாததே நல்லது.

கேள்வி: படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிட்டேன். வந்த மோட்டாரின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் தண்டு, 20 அங்குலப் பலகைக்கானது. என் படகின் பின்பலகை 15 அங்குலம். பலகையை உயர்த்திக்கொள்ளலாமா?

பதில்: ஒரு டேப் எடுத்து அளக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். விற்றவரிடமும் அளந்து சொல்லச் சொல்லியிருக்கலாம். பலகையை உயர்த்தாதீர்கள், மோட்டாரை நீளக் கால் தேவைப்படும் யாருக்காவது விற்றுவிடுங்கள். விற்கும்போது அளவைச் சொல்லி விற்கவும்.

கேள்வி: 12 அடிப் படகு. 25 எச்.பி. மலிவாகக் கிடைக்கிறது. மாட்டலாமா?

பதில்: படகில் அடித்திருக்கும் தகட்டில் எத்தனை எச்.பி. வரை என்று இருக்கும், படியுங்கள். தகடே இல்லையென்றால், வேண்டாம்.