பெடல் காலை உதைக்கிறதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பிக்கப்பில் 60 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் காலைத் திருப்பித் திருப்பித் தள்ளுகிறது. ஸ்டியரிங்கும் ஆடுகிறது. ஆறு மாதத்துக்கு முன்புதான் முன்பக்க டிஸ்க்கையும் பேடையும் புதிதாக மாற்றினேன். முதல் நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. மட்டமான டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: டிஸ்க் மேல் பழியைப் போடுமுன் அது உட்கார்ந்திருக்கும் ஹப்பைப் பாருங்கள். நான்கு மாதம் நன்றாக இருந்து பிறகு வந்தது என்கிறீர்களே, அதுதான் துப்பு.

‘சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று பட்டறையில் சொல்வார்கள். உண்மையில் வளைவது அபூர்வம். பெடலைத் தள்ளுவது டிஸ்க்கின் கன (தடிமன்) வித்தியாசம். தடித்த பகுதி பேடுகளுக்கு நடுவே வரும்போது, பேடை அழுத்தும் பிஸ்டன் உள்ளே தள்ளப்படும். பிரேக் ஆயில் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திரும்பிப் பெடலைத் தூக்கும். மெலிந்த பகுதி வந்தால் பெடல் இறங்கும். இதற்கு 0.02 மி.மீ. வித்தியாசமே போதும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை, கால் கண்டுபிடித்துவிடும்.

புது டிஸ்க்கில் இந்த வித்தியாசம் எப்படி வந்தது? சைக்கிள் வீல் கோட்டம் எடுக்குமே, அதுபோல டிஸ்க் கோட்டமாக மாட்டப்பட்டிருந்தால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பேடுகளைப் பிடித்திருக்கும் கேலிப்பர், தன்னைத் தாங்கும் தண்டுகளில் (பின்) பக்கவாட்டாக நகர்ந்து ஈடுகொடுத்துவிடும். ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும், துருத்திக்கொண்டிருக்கும் இடம் சுற்றுக்கு ஒருமுறை பேடை உரசும். சில ஆயிரம் கி.மீ.க்குள் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். அப்போதுதான் பெடல் பேசத் தொடங்கும்.

கோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஹப் முகத்திலுள்ள துரு. நடுவிலிருந்து 70 மி.மீ. தள்ளி 0.05 மி.மீ. கனத்தில் ஒரு துருச் செதில் சிக்கினால், 280 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க்கின் விளிம்பில் அது 0.1 மி.மீ. ஆட்டமாகிவிடும். பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது 0.05 மி.மீ. அளவுதான்; உங்கள் வண்டிக்கான எண்ணை சர்வீஸ் கையேட்டில் பாருங்கள்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கி, வீலைக் கழற்றுங்கள். முதலில் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மற்ற அளவுகள் எல்லாம் பொய். டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உட்பக்கத்தையும் வயர் பிரஷ், உப்புத்தாள் கொண்டு உலோகம் தெரியும்வரை தேயுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது போல்ட்டுகளின் அடியில் வளையமாகப் படிந்திருக்கும் துருவை. பிரஷ் அங்கே போகாது, சிறு சுரண்டியால்தான் எடுக்க வேண்டும்.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, வாஷர் வைத்து எல்லா நட்டையும் சமமாக முடுக்குங்கள். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் அளவி) முனையை வைத்து, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஆட்டம் கூடுதலாக இருந்தால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி அளந்து, ஆட்டம் குறைந்த நிலையிலேயே விடுங்கள். எப்படி மாட்டினாலும் குறையவில்லையென்றால் கேஜை ஹப் முகத்திலேயே வைத்துப் பாருங்கள். கோளாறு ஹப்பில் இருந்தால் எத்தனை டிஸ்க் வாங்கினாலும் இதே கதைதான்.

அடுத்து மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் கனத்தை அளந்து எழுதுங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் 0.02 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் கடைசல் பிடிக்க வேண்டும். வண்டியிலேயே பொருத்திக் கடையும் லேத் கிடைத்தால் உத்தமம். ஹப்பின் கோட்டமும் சேர்ந்து சரியாகும். கடைந்த பிறகு, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போகக் கூடாது. நீலத் திட்டுகள் இருந்தால் கடைசலுக்குச் செலவழிக்காதீர்கள். அங்கே இரும்பு இறுகிப்போயிருக்கும், கடைந்தாலும் மேடு திரும்ப வரும்.

கடைசியாக வீல் நட். ஏர் கன்னால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இறுக்கத்தில் முடுக்கினால் டிஸ்க் திரும்பக் கோணும். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச்சால், எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்குங்கள்.

கேள்வி: வண்டி நிற்கப்போகும் நேரத்தில் மட்டும் பெடல் ‘கிர்ர்’ என்று நடுங்குகிறது. வேகத்தில் ஒன்றுமில்லை. இதுவும் டிஸ்க்தானா?

பதில்: இல்லை, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) மேல்தான் சந்தேகம். டிஸ்க் கோளாறு சக்கரத்தின் சுற்றோடு ஒட்டியது. பிக்கப் டயர் 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 7 சுற்று சுற்றும், 30-ல் அதில் பாதி. வேகம் குறையக் குறைய உதையும் நிதானமாகும். வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் படபடவென்று அடித்தால் அது ஏபிஎஸ் பம்ப். வீல் சென்சாரின் அடியில் துரு ஊறிச் சென்சாரைத் தூக்கியிருக்கலாம், அல்லது சென்சார் படிக்கும் பல் வளையத்தில் கீறல் விழுந்திருக்கலாம். சிக்னல் பலவீனமாகி, ஒரு சக்கரம் பூட்டிக்கொண்டதாகக் கணினி தப்புக் கணக்குப் போடும்.

ஆளில்லாத சமதளத்தில் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் நின்றால் ஆள் அகப்பட்டார். ஃபியூஸை உடனே திரும்பப் போட்டுவிடுங்கள். சுமையில்லாத பிக்கப்பின் பின்சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடுவதில்லை. சீட்டுக்கு அடியில்தான் குலுங்குகிறது. பின்னால் ட்ரம் பிரேக்.

பதில்: காலியான இடத்தில் 30 கி.மீ. வேகத்தில், ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரை மெல்ல இழுங்கள், கால் பெடலில் படக் கூடாது. அதே குலுக்கல் வந்தால் ட்ரம் வட்டம் இழந்திருக்கிறது. உள்விட்டத்தை நான்கு திசையில் அளந்து பார்த்துக் கடைசல் பிடிக்கலாம். அதிகபட்ச விட்டம் ட்ரம்மிலேயே வார்த்திருக்கும். பின்னால் டிஸ்க் இருந்து, ஹேண்ட் பிரேக்குக்கு உள்ளே தனி ட்ரம் வைத்த வண்டிகளில் இந்தச் சோதனை டிஸ்க்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கேள்வி: புது பேட் போட்டதும் வண்டியை எப்படி ஓட்ட வேண்டும்?

பதில்: 60-லிருந்து 20 கி.மீ.க்கு மிதமாக எட்டு, பத்து தடவை வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை நிமிடமாவது ஓடவிடுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். பிறகு சில கி.மீ. பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க் கொதிக்கும்போது வண்டியை நிறுத்திப் பெடலை அமுக்கிக்கொண்டே இருந்தால், பேடின் பூச்சு அந்த இடத்தில் மட்டும் அச்சாக ஒட்டிக்கொள்ளும். முதல் கேள்வியில் பார்த்த உதை அப்படியும் வரும்.